பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குச் சூடான பிளக்கா, குளிர்ந்த பிளக்கா?

பினாங்கு லிட்டில் இந்தியாவின் நெரிசலில் 1960களில் செய்யப்பட்ட எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று ஊர்ந்து செல்வதாக வைத்துக்கொள்வோம். மாலையில் அதே கார் பாலிக் புலாவ் மலைச்சாலையில் ஏறுகிறது. மறுநாள் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஈப்போவுக்கு ஓடுகிறது. மூன்று பயணத்துக்கும் அதே நான்கு ஸ்பார்க் பிளக்குகள்தான். அவற்றைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் பிஸ்டனில் ஓட்டையே விழலாம். எப்படி?

பிளக்கின் முதல் வேலை நீங்கள் அறிந்ததே. பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. பிளக்கின் இரு மின்முனைகளுக்கு நடுவே பொறி பறந்து, பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையைப் பற்றவைக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால், ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 25 பொறிகள் விடுகிறது.

அதிகம் பேசப்படாத இரண்டாவது வேலை, தன் நுனியில் சேரும் வெப்பத்தை வெளியேற்றுவது. நுனியின் வெப்பநிலை ஏறக்குறைய 450 முதல் 850 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் கரி எரிந்து போகாமல் படியும். மின்சாரம் கரி வழியே கசிந்துவிடும், பொறி வராது. கூடினால் நுனியே கங்காகக் கனன்று, பொறி வரும் முன்பே கலவையைப் பற்றவைக்கும். பிஸ்டன் மேலேறிக்கொண்டிருக்கும்போதே இப்படி நடந்தால் வெப்பமும் அழுத்தமும் எல்லை மீறும். அலுமினிய பிஸ்டன் உருகுவது அப்போதுதான்.

நுனியைச் சுற்றியுள்ள பீங்கான் மூக்கைக் கவனியுங்கள். மூக்கு நீளமாக இருந்தால் வெப்பம் நெடுந்தொலைவு கடந்தே எஞ்சின் உலோகத்தை அடையும். நுனி சூடாகவே இருக்கும். இது ‘சூடான பிளக்’. மூக்கு குட்டையானால் வெப்பம் விரைவாக வெளியேறும். இது ‘குளிர்ந்த பிளக்’. இரண்டின் பொறியும் ஒன்றுதான்.

“நம் ஊர் வெயிலுக்குக் குளிர்ந்த பிளக்தானே நல்லது?” என்று கேட்கலாம். தேவையில்லை. எரியும் கலவையின் வெப்பம் 2,000 பாகையைத் தாண்டும். அதன் முன் 32 பாகை வெயில் பெரிதல்ல. எஞ்சின் எவ்வளவு பாரம் சுமக்கிறது என்பதே கணக்கு. பந்தயத்தில் தொடர்ந்து முழு வேகத்தில் ஓடும் எஞ்சினுக்குத்தான் குளிர்ந்த பிளக் வேண்டும்.

எம்ஜிபிக்கு வழக்கமாகப் பொருத்தப்படும் என்ஜிகே பிளக்கின் குறியீடு பிபி6இஎஸ். ‘பி’ என்றால் 14 மில்லிமீட்டர் மரை விட்டம்; ‘இ’ என்றால் 19 மில்லிமீட்டர் மரை நீளம்; 6 வெப்ப எண். மரை நீளம் தவறினால் பிளக் பிஸ்டனில் இடிக்கவும் கூடும். வெப்ப எண்ணில் ஒரு பொறியும் உண்டு. என்ஜிகேயில் எண் கூடினால் பிளக் குளிர்ந்தது. போஷ், சாம்பியன் நிறுவனங்களில் எண் கூடினால் சூடானது! ஆகவே எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. ஒப்பீட்டு அட்டவணையைப் பார்க்க வேண்டும். மின்முனை இடைவெளியையும் சுமார் 0.64 மில்லிமீட்டராகச் சரிபார்க்க வேண்டும்.

தேர்வு சரிதானா என்பதை, எஞ்சின் ஆறிய பின் கழற்றிய பிளக்கே சொல்லும். நுனி இளம்பழுப்பானால் நலம். கறுப்புக் கரியானால் பிளக் மிகக் குளிர்ந்தது, அல்லது கலவையில் பெட்ரோல் அதிகம். வெளுத்துக் கொப்பளித்திருந்தால் நுனி அளவு மீறிச் சூடாகிறது; காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை நெடும்பயணம் வேண்டாம்.