மருத்துவப் பிரவேசப் பரீட்சையில் மார்க்குகளை உயர்த்தும் விதம்

சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசல் நிலங்களில் ஐப்பசியில் விதைத்த மானாவாரிப் பருத்தி மாசி, பங்குனி மாதங்களில் எடுப்புக்கு வருகின்றது. பன்னிரண்டாம் வகுப்பின் அரசாங்கப் பரீட்சை நடப்பதும் அதே காலத்தில்தான். 2023, 2024, 2025 ஆகிய மூன்றாண்டுகளிலும் ‘நீட்’ என்னும் மருத்துவப் பிரவேசப் பரீட்சை மே மாதத்து முதல் ஞாயிறன்று நடந்தது. கூலியாள் கிடைக்கவில்லையென்று படிக்கும் பிள்ளையைக் காட்டிற்கு அழைப்பதும், பின்னர் மார்க்குக் குறைந்ததென்று நிலத்தை ஒத்தி வைத்துத் தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டுவதும் குடும்பத்திற்கு இரட்டை நஷ்டமாகும். அதிகச் செலவின்றி மார்க்கைப் பெருக்கும் வழிகள் சில ஈண்டுக் கூறப்படுகின்றன.

பரீட்சையின் அமைப்பு

2025ஆம் ஆண்டுப் பரீட்சையில் வினாக்கள் 180. காலம் 180 நிமிஷம். மொத்த மார்க்கு 720. பௌதிகத்தில் 45, இரசாயனத்தில் 45, உயிரியலில் 90 வினாக்கள் வந்தன. உயிரியலுக்கு மட்டும் 360 மார்க்கு உண்டாகையால், அதனை முதலில் முடித்து, கணக்குப் போடவேண்டிய பௌதிகத்திற்கு நேரத்தை மீத்து வைத்துக்கொள்வது உசிதம். பாடத்திட்டம் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகள் இரண்டையும் தழுவியது. ஆதலின், பதினொன்றாம் வகுப்பை அசட்டை செய்தவர் பின்னர் ஈடு செய்தல் கடினம்.

ஊகித்து எழுதுதல்

சரியான விடைக்கு 4 மார்க்கு. தவறான விடைக்கு 1 மார்க்கு கழியும். ஒன்றுமறியாமல் நான்கு வினாக்களுக்கு விடை குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகி, வரவு 4, செலவு 3 போக, மிஞ்சுவது 1 மார்க்கே. தவறென்று நிச்சயமாய்த் தெரிந்த இரண்டு விடைகளைத் தள்ளிவிட்டு எஞ்சிய இரண்டில் ஒன்றைக் குறித்தாலோ, இரண்டு வினாக்களுக்கே சராசரியாக 3 மார்க்கு மிஞ்சும். ஆகையால், சிறிதும் அறியாத வினாவில் காலத்தைப் போக்கலாகாது. பாதி அறிந்ததில் துணிந்து குறிக்கலாம். தெரிந்த வினாவை அவசரத்தில் தப்பாய் வாசித்தால் 5 மார்க்கு வித்தியாசம் ஏற்படும்.

படிக்கும் முறை

மண்ணைப் பரிசோதியாமல் உரமிடுதல் வீண்செலவு என்பதை நாம் அறிவோம். படிப்பும் அத்தன்மையதே. வாரம் ஒரு முறை பழைய வினாத்தாள் ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதவேண்டும். பிறகு, தவறிய வினாக்களை ‘படிக்காதது’, ‘படித்து மறந்தது’, ‘கவனக் குறைவு’ என மூன்றாகப் பிரித்து நோட்டுப் புத்தகத்தில் பதியவேண்டும். மறு வாரம் அந்தக் குறைகளையே முதலில் நிவர்த்திக்க வேண்டும். புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, அதனை மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதே ஒரு வாரத்திற்குப் பின்னும் அதிகம் மனத்தில் நிற்கின்றதென்று, 2006ஆம் ஆண்டில் ரோடிகர், கார்பிக் என்னும் அமெரிக்க அறிஞர்கள் பரிசோதனையால் காட்டினர்.

பெற்றோர் கவனிக்க வேண்டுவது

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிற் படித்தோருக்கு, மருத்துவத்தில் 7.5 சதவிகித இடங்களை ஒதுக்கி 2020ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. 2021இல் பொறியியல், விவசாயம், கால்நடை மருத்துவம் முதலியவற்றிற்கும் இது விஸ்தரிக்கப்பட்டது. இடையில் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றுமுன் இதனை ஆலோசிக்க வேண்டும். மேலும், கிள்ளிகுளம் முதலிய அரசினர் விவசாயக் கல்லூரிகளில் மாநிலத்துக்குரிய இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கைக் கொண்டே வழங்கப்பட்டு வந்திருக்கின்றன. ஆகவே, நீட்டை மட்டும் நம்பி அரசாங்கப் பரீட்சையைக் கைவிடலாகாது.

கிராம அலுவலர்களுக்கு

சாதி, இருப்பிட, வருமானச் சான்றுகளைக் கோரும் மனுக்கள் கிராம நிர்வாக அலுவலரின் விசாரணைக்கு வருகின்றன. மார்க்கு இருந்தும் சான்று தாமதித்தால் இடம் கைநழுவக்கூடும். தை மாதத்திலேயே பள்ளித் தலைமையாசிரியரிடம் விசாரித்து, தம் கிராமத்து மாணாக்கர்களின் மனுக்களை முடித்துவைத்தல் நலம்.

பெற்றோர் பருத்தி எடுப்புக்கு முன்கூட்டியே ஆள் பேசி வைப்பாராயின், பிள்ளைக்கு அவ்விரு மாதங்களும் முழுமையாகக் கிடைக்கும்.