ராமானுஜர் கதையைப் படமாக்கியவர்கள் யார்?

சுட்டெரிக்கும் வெயில். காவிரிக் கரை மணலில் ஒரு பெண் நடந்து போகிறாள். அவளோடு ஒரு மல்லன் குடை பிடித்துக்கொண்டு வருகிறான். குடை அவனுக்கு அல்ல, அவளுக்கு!

திருவிழாவுக்கு வந்த கூட்டம் அதைப் பார்த்துச் சிரிக்கிறது. அவன் யாரையும் லட்சியம் செய்யவில்லை. மனைவியின் அழகிய கண்கள் வெயிலில் வாடிவிடக்கூடாது. அதுதான் அவன் கவலை.

அந்த வழியாக வந்த துறவி ஒருவர் அவனை அழைத்து விசாரித்தார். இதைவிட அழகான கண்களைக் காட்டினால் என்ன செய்வாய் என்று கேட்டார். அப்படி இருந்தால் அந்தக் கண்களுக்கே அடிமையாகிறேன் என்றான் மல்லன்.

துறவி அவனை நேராக ஸ்ரீரங்கம் கோவிலுக்கு அழைத்துச் சென்று அரங்கநாதர் முன் நிறுத்தினார். பெருமாளின் கண்களைப் பார்த்தவன், பார்த்தபடியே நின்றுவிட்டான்.

அந்த மல்லன் பெயர் உறங்காவில்லி. மனைவி பெயர் பொன்னாச்சி. ஊர் உறையூர். இன்று அது திருச்சி நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. துறவிதான் ராமானுஜர். வைணவ குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதை இது.

நகை திருடப் போன சீடர்கள்

உறங்காவில்லியும் பொன்னாச்சியும் ராமானுஜரின் சீடர்கள் ஆனார்கள். ராமானுஜர் ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போது அந்தணச் சீடரின் கையைப் பிடித்துக்கொண்டு போவார். குளித்துத் திரும்பும்போது உறங்காவில்லியின் கையைப் பிடித்துக்கொண்டு வருவார்.

மற்ற சீடர்கள் முணுமுணுத்தார்கள். குளித்த பிறகு தாழ்ந்த குலத்தானைத் தொடலாமா என்பது அவர்கள் எண்ணம்.

ராமானுஜர் வாதம் செய்யவில்லை. ஒரு வேலை செய்தார். இரவில் அந்தச் சீடர்களின் துணிகளை யாருக்கும் தெரியாமல் கிழித்துவைக்கச் செய்தார். விடிந்ததும் பெரிய சண்டை! ஒரு முழத் துணிக்காக ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள்.

அப்புறம் அவர்களையே கூப்பிட்டு, தூங்கும் பொன்னாச்சியின் நகைகளைக் கழற்றி வரச் சொன்னார். போனார்கள். ஒரு பக்கத்து நகைகளைக் கழற்றினார்கள். பொன்னாச்சி தூங்கவில்லை. மறுபக்கத்து நகைகளையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று புரண்டு படுத்தாள். அவள் விழித்துக்கொண்டாள் என்று பயந்து ஓடிவந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த உறங்காவில்லி மனைவியைக் கடிந்துகொண்டான். நகை போனதற்காக அல்ல. அவள் புரண்டு படுத்ததற்காக! அசையாமல் கிடந்திருந்தால் மிச்சத்தையும் கொண்டுபோயிருப்பார்களே என்பது அவன் வருத்தம். மறைந்து நின்று இதைக் கேட்ட சீடர்கள் தலை குனிந்தார்கள்.

காலணாப் பத்திரிகைக்காரர்

சிரிப்பும் உண்டு, திருட்டும் உண்டு, திடீர்த் திருப்பமும் உண்டு. இப்படி வாழ்ந்தவரைச் சினிமா விட்டுவைக்குமா?

1938-ஆம் ஆண்டு "ஸ்ரீ ராமானுஜர்" என்ற தமிழ்ப் படம் வந்தது. அப்போது அடியார்கள் கதைகள் வரிசையாகப் படமாகிக்கொண்டிருந்த காலம். அதனால் படம் வந்தது வியப்பல்ல. அதில் சேர்ந்த ஆட்கள்தான் வியப்பு.

படத்துக்கு எழுதியவர் வ.ரா. பாரதியாரின் நண்பர், "மணிக்கொடி" ஆசிரியராக இருந்தவர், சாதிக் கொடுமையைச் சாடியவர். ராமானுஜராக நடித்தவர் "சங்கு" சுப்பிரமணியம். இவர் தொழில் நடிகர் அல்ல. "சுதந்திரச் சங்கு" என்ற காலணாப் பத்திரிகையை நடத்தி வெள்ளையர் ஆட்சியை எதிர்த்தவர். பாட்டு எழுதியவர் யார் தெரியுமா? சுயமரியாதை இயக்கத்தில் இருந்த பாரதிதாசன்!

பெருமாள் அடியாருக்கும் சுயமரியாதைக்காரருக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. மந்திர உபதேசம் பெறுவதற்காக ராமானுஜர் ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோட்டியூருக்கு 18 முறை நடந்தார் என்பார்கள். ஒரு வழிக்கே சுமார் 100 கிலோமீட்டர் தூரம். அத்தனை பாடுபட்டுப் பெற்றதை யாருக்கும் சொல்லக்கூடாது என்பது குருவின் கட்டளை, மீறினால் நரகம். ராமானுஜர் கோவிலின் உயரத்தில் ஏறி நின்று ஊரையே கூவி அழைத்துச் சொல்லிவிட்டார். தான் ஒருவன் நரகம் போனாலும் மற்றவர் எல்லோரும் கரையேறட்டும் என்றாராம். பூட்டி வைத்ததைத் திறந்துவிட்ட அந்த மனிதர்தான் வ.ரா. போன்றவர்களுக்கு வேண்டியிருந்தார்.

கன்னட டைரக்டர்

அடுத்து வந்தவர் கன்னட டைரக்டர் ஜி.வி. ஐயர். காலில் செருப்பு இல்லாமல் நடந்தவர். சங்கரர் கதையை 1983-இல் சமஸ்கிருதத்திலும், மத்வர் கதையை 1986-இல் கன்னடத்திலும் எடுத்தார். 1989-இல் "ராமானுஜாச்சாரியா" படத்தைத் தமிழில் எடுத்தார். கன்னடக்காரர் என்றாலும், ராமானுஜர் தமிழில்தான் பேசவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது!

2015-ஆம் ஆண்டில் ஒரு செய்தி தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. கலைஞர் டி.வி.யில் ராமானுஜர் தொடர், எழுதுகிறவர் மு. கருணாநிதி! வாழ்நாள் முழுவதும் பகுத்தறிவு பேசியவர். அப்போது வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. நாத்திகருக்கு ஆச்சாரியார் கதை எதற்கு என்று பலர் கேட்டார்கள். மதத்துக்குள்ளேயே புரட்சி செய்தவர் ராமானுஜர். அதனால்தான் எழுதுகிறேன் என்பது அவர் கட்சி.

எழுத விஷயத்துக்கும் பஞ்சமில்லை. ராமானுஜர் 1017-இல் பிறந்து 120 ஆண்டுகள் வாழ்ந்ததாக வைணவ மரபு சொல்கிறது. ஸ்ரீரங்கம் கோவில் நிர்வாகத்தைச் சீர்படுத்தியது, அது பிடிக்காதவர்கள் பிச்சைச் சோற்றில் விஷம் வைத்தது, சோழன் பகையால் மேல்கோட்டை போனது என்று ஒவ்வொன்றும் ஒரு படத்துக்குக் காணும். ஸ்ரீரங்கம் கோவிலில் உடையவர் சன்னதியில் இன்று வீற்றிருப்பது அவருடைய உண்மைத் திருமேனியே என்று பக்தர்கள் நம்புகிறார்கள்.

"ஸ்ரீ ராமானுஜர்" படத்துக்குப் பாரதிதாசன் பாட்டு எழுதிய அந்த 1938-ஆம் ஆண்டில், கருணாநிதி திருவாரூரில் 14 வயதுப் பள்ளிக்கூடச் சிறுவன்.