இரண்டு எண்களில் ஒரு காற்று

ஒன்றிய அமெரிக்க வானிலைத் துறை இயக்கும் ஜிஎஃப்எஸ் என்னும் உலக முன்கணிப்பு மாதிரி, நாள்தோறும் நான்கு முறை உலகின் காற்றை எண்களாக வார்த்துக் கோப்பாக வெளியிடுகிறது. கால் பாகைக்கு ஒன்றாக நெட்டாங்குக் கோடுகள் 1440, அகலாங்குக் கோடுகள் 721. அவை வெட்டிக்கொள்ளும் புள்ளிகள் 10,38,240. தரைக்கு மேல் 10 மீட்டரிலும், அதற்கும் மேலே அடுக்கடுக்கான மட்டங்களிலும் புள்ளிதோறும் காற்று குறிக்கப்பட்டிருக்கும். ஆயினும் ஓரிடத்துக் காற்றின் விரைவையும் திசையையும் அக்கோப்பில் நேராகப் படித்துவிட முடியாது. கிழக்கு நோக்கிய கூறு ஒன்று, வடக்கு நோக்கிய கூறு ஒன்று என இரண்டு எண்களே அங்கிருக்கும். அவ்விரண்டையும் எந்தக் கட்டத்தில் ஒன்றாக்குவது என்பதை அறிவதே இத்தொழிலின் பாதித் திறம்.

திசை வட்டமாகச் சுழல்வது. எண்ணோ நேர்கோட்டில் நடப்பது. ஒரு புள்ளியில் காற்று 350 பாகையிலிருந்தும், அடுத்த புள்ளியில் 10 பாகையிலிருந்தும் வீசுவதாகக் கொள்வோம். இரண்டுமே வாடைதான். பாகைகளைக் கூட்டி இரண்டால் வகுத்தால் 180 வரும், வாடை தென்றலாகிவிடும்! கூறுகளைத் தனித்தனியே சராசரி எடுத்தால் இக்கோளாறு நேராது. கிழக்குக் கூறுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, தெற்கு நோக்கிய ஓட்டம் மட்டும் எஞ்சும். திசையைப் பாகையாக மாற்றும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கூறுகள் காற்று செல்லும் பக்கத்தைக் காட்டுகின்றன. வானிலையாளரோ காற்று வரும் பக்கத்தைச் சொல்கிறார். ஆகவே வாடைக்கு வடக்குக் கூறு எதிர்க்குறி பெறும். இதை மறந்த நிரல், உலகம் முழுவதும் காற்றைத் தலைகீழாகத் திருப்பி வரைந்துவிடும். படம் அப்போதும் அழகாகவே இருக்கும்.

கூறுகளைக் கொண்டு கணித்தால் எல்லாம் நலமா? இல்லை. ஒரு புள்ளியில் மேற்கிலிருந்தும், அடுத்ததில் தெற்கிலிருந்தும் நொடிக்கு 10 மீட்டர் விரைவில் காற்று வீசுகிறது. நடுவிலுள்ள ஊருக்கு இடைக்கணிப்புச் செய்தால் இரு கூறுகளும் 5, 5 என வரும், விரைவு 7.07 ஆகச் சுருங்கும். இருபுறமும் 10 வீச, நடுவில் மட்டும் 7 என்பது பல நேரங்களில் இயற்கையன்று, கணக்கின் விளைவு. காற்றின் ஆற்றலோ விரைவின் முப்படிக்கேற்ப மாறுவது. 10இன் முப்படி 1000, 7.07இன் முப்படி ஏறத்தாழ 353. ஒரே ஒரு சராசரியில் ஆற்றலின் மூன்றில் இரு பங்கு மறைந்துபோகிறது. இடத்துக்கு மட்டுமல்ல, காலத்துக்கும் இதுவே விதி: ஒரு மாதத்துக் கூறுகளைச் சராசரியாக்கி, அதிலிருந்து மின் விளைச்சலை மதிப்பிடுவோர் கணக்கு மிகக் குறைவாகவே வந்து நிற்கும். காற்றாலைக்கு வேண்டியவர் புள்ளிதோறும், மணிதோறும் முப்படியைக் கண்ட பின்னரே சராசரி எடுக்கவேண்டும். ஆனால் எரிமலைச் சாம்பல் எங்கே போய்ச் சேரும் என்று கேட்பவருக்கு விடை வேறு. காலையில் கிழக்கே சென்று மாலையில் மேற்கே திரும்பும் துகள் உண்மையிலேயே தொலைவு போகாதது. அங்கே கூறுகள் ஒன்றையொன்று அழிப்பதே சரி. எதற்காகக் கணிக்கிறோம் என்று கேளாமல் எந்தச் சராசரியும் எடுக்கலாகாது.

கோப்பின் அமைப்பிலும் சில சிக்கல்கள் உண்டு. உலக வானிலை அமைப்பு வகுத்த கிரிப் வடிவில் எண்கள் சுருக்கிப் பொதியப்பட்டிருக்கும். வரிசைகள் பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்காக இறங்கும். நெட்டாங்கு சுழியில் தொடங்கி 360ஐ நெருங்கி முடிவதால் கிரீன்விச் கோட்டில் ஒரு தையல் விழும். வடமுனையில் 1440 புள்ளிகளும் ஒரே இடம். ஆயினும் கிழக்கென்பது நெட்டாங்குக்கு நெட்டாங்கு திரும்புவதால் கூறுகள் வெவ்வேறாக இருக்கும்.

இவற்றைவிடக் கடியது வட்டார மாதிரிகளின் வழக்கம். ஒன்றிய அமெரிக்காவுக்கென 3 கிலோமீட்டர் இடைவெளியில் இயங்கும் எச்ஆர்ஆர்ஆர் மாதிரி, நிலவுருண்டையைக் கூம்பில் விரித்த படத்தின்மேல் கட்டமிடுகிறது. அதன் கூறுகள் உண்மைக் கிழக்கையும் வடக்கையும் சாராமல், கட்டத்தின் பக்கங்களையே சார்ந்தவை. அப்படத்தின் நடுக்கோடாகிய 97.5 பாகை மேற்கில் இரண்டும் பொருந்தும். கிழக்கே பாஸ்டனை அடையும்போது ஏறத்தாழ 16 பாகை விலகியிருக்கும். கூறுகளைத் திருப்பாமல் விட்டாலும் விரைவு மாறாது. எனவே விரைவை மட்டும் ஒப்பிட்டுச் சோதிப்பவர் கண்ணுக்கு இப்பிழை ஒருபோதும் தென்படாது.

கட்டத்தின் எண் ஒரு புள்ளியின் காற்றுமன்று. அதைச் சூழ்ந்த பரப்பின் காற்று. கால் பாகை என்பது நிலநடுக்கோட்டருகே ஏறக்குறைய 28 கிலோமீட்டர். தென்மேற்குப் பருவக்காற்றைக் குவித்து முப்பந்தல் காற்றாலைகளுக்கு அனுப்பும் ஆரல்வாய்மொழிக் கணவாய் அவ்வளவு பெரிய கட்டத்துக்குள் கரைந்துவிடுகிறது. மாதிரியின் மலை மழுங்கிய மேடாகிறது. இடைக்கணிப்பால் அதை 1 கிலோமீட்டராக நுணுக்கிக் காட்டும் படங்களை நான் நம்புவதில்லை. பாலில் நீர் ஊற்றினால் அளவு கூடும், பால் கூடாது. கம்பம் நட்டு அளந்த காற்றோடு முன்கணிப்பை ஒப்பிட்டுத் திருத்துவதே நேர்வழி. அத்திருத்தமும் ஒரே பெருக்கெண்ணாக அமையாது. கணவாயின் வழியே வரும் காற்றுக்கு ஒன்று, மலையைக் குறுக்கே கடந்து வரும் காற்றுக்கு வேறொன்று எனத் திசைதோறும் அதை வகுத்துக்கொள்ளவேண்டும்.