குடிநீரும் வடிகலமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல் மாணவர்)

உணவின்றிச் சில வாரங்கள் உயிர் வாழ்ந்தவர் உண்டு. நீரின்றிச் சில நாட்களுக்கு மேல் வாழ்ந்தவர் இல்லை. இத்துணை இன்றியமையாத நீரை, 'பார்வைக்குத் தெளிவாக இருக்கிறது' என்ற ஒரே காரணத்திற்காக நாம் குடித்துவிடுகிறோம். இன்று வீட்டுக்கு வீடு ஒரு வடிகலம் இடம் பிடித்துவிட்டது. மண்பானை இருந்த மூலையில் எவர்சில்வர் பில்டரோ, சுவரில் மாட்டிய ஆர்.ஓ. எந்திரமோ, கேனைக் கவிழ்த்து வைக்கும் குழாய்த் தொட்டியோ இருக்கிறது. ஆனால் அது நீரிலிருந்து எதை நீக்குகிறது, எதை நீக்காது என்று கேட்டால் பலரிடம் விடை இல்லை. அந்த விடையை எளிய முறையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீரில் கலந்துள்ள மூன்று

குடிநீரைக் கெடுப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது கலங்கல்: மண், தூசி, பாசி முதலியன. இரண்டாவது கிருமி: வயிற்றுப்போக்கு, டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலை ஆகியவற்றைத் தருவன. மூன்றாவது கரைசல்: உப்பு, சுண்ணாம்புச் சத்து, புளூரைடு, நைட்ரேட் போன்றவை.

இவற்றிடையே உள்ள பெரும் வேறுபாடு உருவ அளவு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். வண்டல் துகள்கள் சில மைக்ரான் முதல் பல பத்து மைக்ரான் வரை இருக்கும். பாக்டீரியா ஏறத்தாழ ஒரு மைக்ரான். வைரஸ் அதனினும் பன்மடங்கு சிறியது. கரைந்த உப்பின் அயனியோ ஒரு மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே, மண்ணைத் தடுக்கும் துணி கிருமியைத் தடுக்காது. கிருமியைத் தடுக்கும் வடிகலம் உப்பைத் தடுக்காது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

பனங்காடு கற்பிக்கும் பாடம்

எங்கள் ஊர் உடன்குடி. கருப்பட்டிக்குப் பெயர் பெற்ற ஊர். என் தந்தையார் பனை ஏறுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேதியியல் வகுப்பில் நான் கற்றவற்றுள் சில, பனங்காட்டில் நெடுங்காலமாகச் செய்முறையாகவே நடந்து வருகின்றன.

பதநீரில் விழுந்த வண்டும் தூசியும் பன்னாடையில் வடிகட்டப்படும். நன்னூலார் கடை மாணாக்கருக்கு உவமை கூறிய 'நெய்யரி' இந்தப் பன்னாடைதான். நல்லதை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வது அதன் இயல்பு. மாணவருக்கு அது இழுக்கு. வடிகலத்திற்கோ அதுவே சிறப்பு! இது கலங்கலை நீக்கும் முறை.

பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவர். தடவாவிடில் நுண்ணுயிர்கள் பெருகிப் பதநீர் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு எதையும் வடிகட்டுவதில்லை. தன் காரத் தன்மையால் நுண்ணுயிரைத் தடுக்கிறது. குடிநீரில் குளோரின் சேர்ப்பதும் ஏறத்தாழ இத்தகைய வேலையே. இது கிருமியை அடக்கும் முறை.

பின்னர்ப் பதநீரைக் காய்ச்சுகிறோம். நீர் ஆவியாகப் போகிறது. கரைந்திருந்த இனிப்பு கெட்டிப்பட்டுச் சிரட்டையில் கருப்பட்டியாகிறது. ஆக, காய்ச்சுவதால் கரைந்த பொருள் போவதில்லை, செறிவுதான் கூடுகிறது. உப்புத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் நல்லது என்று எண்ணுவோர் இதைக் கருதிப் பார்க்க வேண்டும். காய்ச்சினால் கிருமி சாகும். உப்பு அப்படியே இருக்கும்.

கடலோரத்தில் நல்ல நீர்

எங்கள் பகுதியில் பலருக்குத் தலைவலி மூன்றாவது வகையாகிய உப்புதான். ஆயினும் திருச்செந்தூர்க் கடற்கரையில், ஒரு பெரிய கிணற்றுக்குள் ஏறத்தாழ ஓரடிச் சதுரமே கொண்ட நாழிக்கிணற்றில் நல்ல நீர் ஊறுவதை நாம் அறிவோம். கடலுக்கு அருகே இனிய நீர் எங்ஙனம் வரும்?

மழை நீர் மணலில் இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. நல்ல நீரைவிடக் கடல் நீர் சற்றுக் கனமானது. நல்ல நீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல் நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. எனவே நல்ல நீர் உப்பு நீரின்மேல் எண்ணெய் போல மிதந்து நிற்கிறது. இதனை 1888-89இல் டச்சுப் பொறியாளர் கைபென் என்பவரும், 1901இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் என்பவரும் தனித்தனியே கணக்கிட்டனர். கடல் மட்டத்திற்கு மேல் நல்ல நீர் 1 மீட்டர் நின்றால், கடல் மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நல்ல நீர் இருக்கும் என்பது அவர்கள் கண்ட விதி.

இவ்விதியின் மறுபக்கம் அச்சம் தருவது. ஆழ்துளைக் கிணறுகளால் இறைத்து இறைத்து மேல்மட்டத்தை 1 மீட்டர் குறைத்தால், நாளடைவில் கீழிருந்து உப்பு நீர் 40 மீட்டர் வரை ஏறி வரும். செம்மண் தேரிகள் மழையைப் பஞ்சு போல் உறிஞ்சிச் சேமித்துத் தரும் பகுதி எங்களுடையது. அந்தச் சேமிப்பைவிட மிகுதியாகச் செலவழித்தால், முன்பு சோறு பொங்கிய கிணற்று நீர் பின்பு துணி துவைக்கவும் உதவாது. எந்த வடிகலமும் கிணற்றைக் காப்பாற்றாது. குவளையை மட்டுமே காப்பாற்றும்.

வடிகட்டுதலின் வரலாறு

நீரைத் தெளிவிக்கும் கலை நமக்குப் புதிதன்று. தேற்றாங்கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் தேய்த்துக் கலங்கலைப் படியச் செய்தனர் நம் முன்னோர். துணியில் வடிகட்டும் வழக்கமும் பழையது. வங்காளதேசக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 2003இல் வெளியாயிற்று. பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்து வடிகட்டிய ஊர்களில் காலரா ஏறத்தாழ 48 விழுக்காடு குறைந்தது. காலராக் கிருமி துணியின் இழைவெளியில் எளிதில் நுழையக் கூடியதே. ஆனால் அது நீரில் வாழும் சிற்றுயிர்களின் மேல் ஒட்டிக்கொண்டு வருகிறது. துணி அச்சிற்றுயிர்களைத் தடுத்துவிட்டது. எனினும் பாதிதான் குறைந்தது என்பதையும் நோக்க வேண்டும்.

வடிகட்டுதலின் முழு வலிமையை உலகுக்குக் காட்டியது 1892ஆம் ஆண்டு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் எல்ப் ஆற்று நீரை வடிகட்டாமல் வழங்கியது. அடுத்திருந்த அல்டோனா நகரம், ஹாம்பர்க்கின் கழிவுகள் கலந்த பின் வரும் அதே ஆற்று நீரை மணற்படுகையில் வடிகட்டி வழங்கியது. காலரா பரவியபோது ஹாம்பர்க்கில் 8,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அல்டோனா பெரும்பாலும் தப்பியது. இரு நகரங்களின் எல்லையாக அமைந்த தெருவில் ஒரு பக்கத்தில் நோய், மறு பக்கத்தில் நலம்! நடுவே நின்றது மணல் வடிகட்டி ஒன்றே.

வீட்டு வடிகலம்

நம் வீடுகளில் உள்ள இரண்டடுக்கு எவர்சில்வர் பில்டர் இதன் சிறு வடிவம். மேலடுக்கில் ஊற்றிய நீர், பீங்கான் போன்ற நுண்துளைப் பொருளால் ஆன 'கேண்டில்' வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கீழடுக்கில் சேர்கிறது. பிரெஞ்சு அறிஞர் சேம்பர்லேண்ட் 1884இல் பாஸ்டரின் ஆய்வகத்தில் இத்தகைய பீங்கான் வடிகட்டியை அமைத்தார். நல்ல கேண்டிலின் துளைகள் ஒரு மைக்ரானுக்கும் குறைந்தவை. ஆதலால் கலங்கலும் பெரும்பாலான பாக்டீரியாவும் நின்றுவிடுகின்றன. மின்சாரம் வேண்டியதில்லை, நீர் வீணாவதில்லை. ஆனால் காமாலையைத் தரும் வைரஸ் போன்றவை நுழைந்துவிடக் கூடும். எனவே மழைக்காலத்திலும், ஊரில் நோய் பரவும் காலத்திலும் வடித்த நீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து ஆற்றிக் குடிப்பதே பாதுகாப்பு. புற ஊதாக் கதிர் விளக்குள்ள வடிகலங்கள் கிருமிகளை அழிக்கும். ஆனால் நீர் தெளிவாக இருந்தால்தான் கதிர் உள்ளே பாயும்.

உப்பை நீக்க வல்லது ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடு பரவல். இயல்பாக நீர், செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு மிகுந்த பக்கத்திற்குச் சவ்வின் வழியே செல்லும். உப்பு நீர்ப் பக்கம் அழுத்தம் கொடுத்தால் இது தலைகீழாகி நல்ல நீர் மட்டும் வெளிவரும். இதற்கேற்ற சவ்வைக் கலிபோர்னியாவில் 1960ஐ ஒட்டி உருவாக்கிய இருவர் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் என்பவரும் ஆவர் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. சென்னைக்கு அருகே மீஞ்சூரில் 2010லும் நெம்மேலியில் 2013லும் தொடங்கிய, கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இம்முறையில் அமைந்தவையே.

எனினும் இதற்கு ஒரு விலை உண்டு. வீட்டு எந்திரங்கள் பல, ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் நீரைக் கழிவாக வெளியேற்றுகின்றன. உடலுக்கு வேண்டிய கால்சியம், மக்னீசியமும் நீங்கிவிடுகின்றன. இந்தியத் தர நிர்ணயம் (2012) குடிநீரில் கரைந்த பொருள் லிட்டருக்கு 500 மில்லி கிராம் வரை இருப்பதை ஏற்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்கிறது. 500க்குக் குறைவாக உள்ள நீருக்கு ஆர்.ஓ. பயன்படுத்துவதைத் தடை செய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் அறிவுறுத்தியதும் நீர் வீணாவதைக் கருதியே ஆகும்.

ஒரு வித்தை

எங்கள் தெருவுக்கு எந்திரம் விற்க ஒருவர் வந்தார். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஒன்றில் எங்கள் குழாய் நீரையும், மற்றொன்றில் தாம் கொண்டுவந்த நீரையும் ஊற்றினார். இரண்டிலும் உலோகக் கம்பிகளை இறக்கி மின்சாரம் செலுத்தினார். குழாய் நீர் சிறிது நேரத்தில் செம்பழுப்பாகி நுரைத்தது. அவர் நீர் தெளிவாகவே நின்றது. "இந்த அழுக்கைத்தான் தினமும் குடிக்கிறீர்கள்" என்றார். கூடியிருந்தோர் திகைத்தனர். மாதத் தவணை என்றாலும் அந்த எந்திரத்தின் விலை, அப்பா ஒரு பருவம் முழுதும் பனை ஏறிச் சேர்ப்பதில் பெரும் பங்கு. ஆச்சி என்னைப் பார்த்து, "எய்யா, காலேஜுல படிக்கியே, நம்ம வீட்டுத் தண்ணி குடிக்கலாமா கூடாதான்னு நீயே சொல்லு" என்றார்கள்.

அது மின்னாற்பகுப்பு. நேர்மின்வாயான இரும்புக் கம்பி கரைந்து இரும்பு ஹைட்ராக்சைடாகப் படிவதே அந்தச் செம்பழுப்பு. நீரில் முன்பே இருந்த அழுக்கன்று. உப்புகள் நீங்கிய நீரில் மின்சாரம் எளிதில் பாயாது. ஆகவே கம்பியும் கரையவில்லை. அவருடைய நீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போடச் சொன்னேன், அதுவும் செம்பழுப்பாயிற்று.

ஆனால் வித்தையைப் பொய்யென்று காட்டியதால் நீர் நல்லது என்று ஆகிவிடாது. ஆச்சியின் கேள்வி அப்படியே நின்றது. பேராசிரியரின் இசைவு பெற்று, தாமிரபரணி ஆற்றிலிருந்து வரும் கூட்டுக் குடிநீரையும் எங்கள் கிணற்று நீரையும் ஆய்வகத்திற்குக் கொண்டுவந்தேன். வெள்ளி நைட்ரேட் கொண்டு தரம் பார்த்ததில் குழாய் நீரின் குளோரைடு, தர நிர்ணயம் ஏற்கும் லிட்டருக்கு 250 மில்லி கிராமுக்குள்ளேயே இருந்தது. கிணற்று நீரிலோ அதைப் போலப் பல மடங்கு! ஆகவே குழாய் நீருக்குக் கேண்டில் வடிகலமும் கொதிக்கவைத்தலும் போதும் என்று முடிவு செய்தோம். கிணற்று நீர் மற்றப் புழக்கத்திற்கு. குழாய் எட்டாத, கிணற்றையே நம்பிய வீட்டிற்கு இதே விடை பொருந்தாது, அங்கே ஆர்.ஓ. ஆடம்பரமன்று, தேவை. வீட்டுக்கு வீடு விடை மாறும், கேள்வி ஒன்றே.

பேணும் முறை

கேண்டிலை வாரம் ஒருமுறை மென்மையான தூரிகையால் சுத்த நீரில் தேய்த்துக் கழுவுக, சோப்பு கூடாது. சொட்டாக வடிய வேண்டிய நீர் தாரையாக ஒழுகினால் கேண்டிலில் விரிசல் உண்டு, அல்லது அடிப்பகுதியில் உள்ள வாஷர் தேய்ந்துவிட்டது என்று அறிக. அப்போது வடியாத நீர் பக்கவழியே கீழே இறங்கும். தேய்ந்து மெலிந்த கேண்டிலை மாற்றுக.

கீழடுக்கையும் குழாயையும் மறவாது கழுவுக. கேன் தொட்டிக்கும் இது பொருந்தும். உட்புறம் வழவழப்பாகத் தட்டுப்பட்டால் அங்கே நுண்ணுயிர்கள் குடியேறிவிட்டன என்று பொருள். வடிகலத்தின் பெரும் நன்மைகளுள் ஒன்று அதன் குழாய். செம்பை உள்ளே விட்டு மொள்ளும்போது கைவிரலில் உள்ள கிருமியும் நீரில் சேர்கிறது. குழாயைத் திருகிப் பிடித்தால் அக்கவலை இல்லை. ஆர்.ஓ. கழிவு நீரைச் சாக்கடையில் விடாமல் வீடு கழுவவும் கழிவறைக்கும் பயன்படுத்தலாம்.

முடிவுரை

வடிகலம் வாங்குமுன் நீரைச் சோதிக்க வேண்டும் என்பதே இதுகாறும் கூறியவற்றின் சாரம். மாவட்டந்தோறும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடம் உண்டு. நம் கல்லூரியிலும் குளோரைடையும் கடினத் தன்மையையும் அளக்க வேண்டிய பொருள்கள் யாவும் உள்ளன. மலக்கழிவு கலந்திருப்பதைக் காகிதம் கறுப்பதால் காட்டும் எளிய சீசாச் சோதனையை 1982இலேயே இந்திய அறிவியலாளர்கள் வெளியிட்டுள்ளனர்.

பெயர் தெரியாத உப்பைக் கண்டறிந்து மதிப்பெண் பெறும் நாம், நாள்தோறும் குடிக்கும் நீரில் உள்ள உப்பையும் கண்டறிந்தால் என்ன? மாணவர் ஒவ்வொருவரும் கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என இரண்டு சீசா நீரைத் தம் ஊரிலிருந்து கொண்டுவரலாம். சோதித்த எண்களை ஆண்டுதோறும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கலாம். சில ஆண்டுகளில் எந்த ஊர்க் கிணற்றில் உப்பு ஏறுகிறது என்பது கண்முன் தெரியும். இதற்குப் பேராசிரியப் பெருமக்கள் துணை நிற்க வேண்டுகிறேன். "இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும்போது, ஊகத்தை அல்ல, அளவைச் சொல்லும் தகுதியே நாம் இக்கல்லூரியிலிருந்து வீட்டிற்குக் கொண்டுசெல்லத்தக்க செல்வம்.