வண்டியின் வேகமும் இன்ஜினின் ஆயுளும்

விலை, வரி, எடை என்று எழுதி வரும் நான் இம்மாதம் வண்டியைப் பற்றி எழுதுகிறேன். பட்ட நஷ்டம் எழுத வைக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளி நேரம். விருதுநகரிலிருந்து திருநெல்வேலிக்கு எங்கள் சிறிய சரக்கு வண்டியில் துவரம் பருப்பும் உளுந்தும் ஏற்றி அனுப்பினேன். நான்கு வழிச் சாலைதான். ஆனாலும் கயத்தாறு தாண்டியதும் இன்ஜின் ஜாம் ஆகி நின்றுவிட்டது. வேறு வண்டி பிடித்துச் சரக்கை மாற்றினோம். இன்ஜினைப் பிரித்து, போர் செய்து, பிஸ்டன், பேரிங் மாற்றியதில் அந்தப் பருவத்து லாபம் போயிற்று.

டிரைவரைக் கடிந்துகொண்டேன். "முதலாளி, பத்து மணிக்குள்ள சரக்கு இறங்கணும்னு நாலு தடவை போன் போட்டது நீங்கதானே?" என்றார். எனக்குப் பதில் இல்லை.

மெக்கானிக் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் மேலே போய் நின்று, கீழே திரும்ப வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்பது 4,000 ஆனால், கூடியது மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அந்த ஓட்டத்தால் கனெக்டிங் ராடு தாங்கும் விசை ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. காற்றின் எதிர்ப்பும் இதே கணக்குதான், 60 கி.மீ. வேகம் 80 ஆனால் 1.8 மடங்கு. டீசல் அதிகம் எரிகிறது, சூடு ஏறுகிறது. சூட்டில் ஆயில் நீர்த்துப்போகிறது. உலோகம் உலோகத்தோடு உரசாமல் காப்பது அந்த ஆயில்தான். கொஞ்ச நேர வேகத்தைத் தாங்கும் இன்ஜின், மணிக்கணக்கில் தாங்குவதில்லை. எங்கள் வண்டியிலோ ஆயிலும் குறைவு, ரேடியேட்டரிலும் அடைப்பு.

அதற்காக நெடுஞ்சாலை கெடுதல் என்று எண்ண வேண்டாம். சீரான நடுத்தர வேகம், கடைத்தெருவில் நின்று நின்று ஓடுவதைவிட இன்ஜினுக்கு நல்லது.

நாம் செய்ய வேண்டியவை இவை: புறப்படுமுன் ஆயிலும் ரேடியேட்டர் தண்ணீரும் பார்க்க வேண்டும். அளவுக்கு மேல் பாரம் ஏற்றக்கூடாது. ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தபடியே ஓட்டக்கூடாது. சூட்டுமானி ஏறினால் ஓரங்கட்ட வேண்டும். டர்போ உள்ள வண்டியை, வேகமாக ஓடி வந்ததும் உடனே அணைக்காமல் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். இல்லையேல் ஆயில் ஓட்டம் நின்று, டர்போ சூட்டில் ஆயில் கருகும்.

இப்போது முந்தின இரவே சரக்கு ஏற்றிவிடுகிறேன். வண்டி ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்படுகிறது. வழியில் டிரைவருக்குப் போன் போடுவதில்லை.