சொரியாசிஸ்: ரத்த ரிப்போர்ட் சொல்வதும் சொல்லாததும்

"ரத்தம் கெட்டுப்போச்சு, அதான் தோல்ல வருது." சொரியாசிஸ் உள்ள தமிழர் யாரும் இந்த வசனத்திலிருந்து தப்பித்திருக்க முடியாது. இங்கிலாந்துக்கு வந்து மென்பொருள் வேலையில் உட்கார்ந்த பிறகும், வீடியோ காலில் பெரியம்மா எனக்கு இதையேதான் சொல்கிறார். ரத்தம் கெடவில்லை. நம் எதிர்ப்பு சக்தி தவறான இடத்தில் சண்டை போடுகிறது, அதனால் தோல் செல்கள் அவசர அவசரமாக வளர்கின்றன. இது ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல.

ஆனாலும் பெரியம்மா சொல்வதில் ஒரு நியாயமான கேள்வி ஒளிந்திருக்கிறது. ரத்தத்தைப் பார்த்தே இந்த நோயை அளக்க முடியுமா? மருந்து கேட்குமா கேட்காதா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

நமக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனைகள் ஒரே வகை அல்ல. முதல் வகை, பாதுகாப்புக்காக. வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர்களுக்கு ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பார்ப்பார்கள். பயாலஜிக் ஊசி போடும் முன் உடம்பில் காசநோய்க் கிருமி தூங்குகிறதா, ஹெபடைடிஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஊரில் பிறந்து வளர்ந்த நமக்கு அந்தக் காசநோய்ப் பரிசோதனை ரொம்ப முக்கியம். இந்த ரிப்போர்ட் "நார்மல்" என்றால் மருந்தை உடம்பு தாங்குகிறது என்று மட்டுமே அர்த்தம். நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. "ரிப்போர்ட் நல்லா இருக்கே, மாத்திரையை நிறுத்திடலாம்ல?" என்று கேட்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது வகை, அழற்சியைக் காட்டுபவை. சிஆர்பி என்ற புரதம், நியூட்ரோஃபில் - லிம்போசைட் விகிதம் போன்றவை. சொரியாசிஸ் உள்ளவர்களிடம் இவை சராசரியாகக் கூடுதலாக இருப்பதையும், சிகிச்சை பலித்தால் குறைவதையும் பல ஆய்வுகள் கண்டுள்ளன. ஆனால் சளி, காய்ச்சல், பல்வலி, உடல் பருமன், புகைப்பழக்கம் எதுவானாலும் சிஆர்பி ஏறலாம். உடம்பெல்லாம் படை இருப்பவருக்கும் அது நார்மலாக இருக்கலாம். எங்கள் துறையில் சொல்வதானால், சர்வரில் அலாரம் அடிக்கிறது, எந்த புரோகிராமால் என்று மட்டும் தெரியவில்லை.

மூன்றாவது வகைதான் கனவு: எந்த மருந்து யாருக்குக் கேட்கும் என்று முன்பே சொல்வது. பிரிட்டனில் சொரியாசிஸ் மருந்துகளைப் பின்தொடரும் பேட்பர் என்ற பதிவேடு 2007 முதல் இயங்குகிறது. அங்குள்ள நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2019-இல் வந்தது. எச்எல்ஏ-சி 06:02 என்ற மரபணு வகை இல்லாதவர்களுக்கு உஸ்டெகினுமாபைவிட அடாலிமுமாப் நன்றாகக் கேட்கும் வாய்ப்பு அதிகம் என்று அது காட்டியது. நல்ல துப்புதான். ஆனால் கிளினிக்கில் வழக்கமான சோதனையாக இன்னும் ஆகவில்லை.

அதுவரை அளவுகோல் மருத்துவரின் கண்தான். சிவப்பு, தடிப்பு, செதில், பரப்பு நான்கையும் பார்த்து 72-க்கு மதிப்பெண் போடுவார்கள். அதன் பெயர் பாசி. இங்கே அரசு செலவில் பயாலஜிக் ஊசி கிடைக்கப் பொதுவாக பாசி 10 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், வாழ்க்கைத்தர மதிப்பெண் 10-ஐத் தாண்ட வேண்டும். பலன் இருக்கிறதா என்று பார்ப்பதும் இதே மதிப்பெண்ணை வைத்துத்தான். 75 சதவீதம் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று கணக்கு.

சிக்கல் எங்கே தெரியுமா? சிவப்பில்! நம்ம நிறத் தோலில் சொரியாசிஸ் பளிச்சென்று சிவப்பாகத் தெரியாது. ஊதாவாக, சாம்பலாக, கரும்பழுப்பாகத் தெரியும். மதிப்பெண் குறைந்துவிடலாம், தகுதியும் கைநழுவிப் போகலாம். தோல் நிறம் பாசியைப் பாதிக்கலாம், அதற்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள் என்று நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலே மருத்துவர்களுக்குச் சொல்கிறது. அதை நாம் அப்பாயின்ட்மென்டில் தைரியமாக நினைவூட்டலாம், தப்பே இல்லை.

நிறம் பார்க்காத ஒரு ரத்தக் குறியீடு வந்தால் அதிகம் பயன்பெறப்போவது நம்மைப் போன்றவர்கள்தான். ஆனால் உலகின் மரபணு ஆய்வுகளில் பெரும்பாலும் இருப்பது ஐரோப்பிய வம்சாவளியினர். நம் ரத்தம் அந்தக் கணக்கில் இல்லையென்றால், நாளை வரும் சோதனை நமக்குப் பொருந்துமா என்று யாருக்கும் தெரியாது.

அதனால் சொல்கிறேன். "ஆய்வுக்கு ஒரு குழாய் ரத்தம் தருவீர்களா?" என்று கிளினிக்கில் கேட்டால், படிவத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, முடிந்தால் கையை நீட்டுங்கள். மூட்டு வலியோ காலை விறைப்போ இருந்தால் ரிப்போர்ட் நார்மல் என்று மறைக்காமல் சொல்லுங்கள். சொரியாசிஸ் மூட்டையும் தாக்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போய் பேக்கேஜ் டெஸ்ட் எடுத்து, அதை வைத்து மருந்தை நீங்களே கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள்.

முக்கியமாக, முழுக்கைச் சட்டைக்குள் ஒளிக்காதீர்கள். பெரியம்மாவிடமும் சொல்லிவிடுங்கள், ரத்தம் நல்லாத்தான் இருக்கிறது என்று.