இல்லத்தில் உணவு இருப்பு: சேமிப்பா, பதுக்கலா?

2020ஆம் ஆண்டு மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. இரவு 8 மணிக்கு நாடு முழுவதற்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. நள்ளிரவில் அது நடைமுறைக்கு வந்தது. இடையில் இருந்தவை நான்கே மணி நேரம். தமிழகத்திலோ அன்று மாலை 6 மணிக்கே தடையுத்தரவு தொடங்கிவிட்டிருந்தது. இராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை பாலாற்றங்கரையை ஒட்டியுள்ள தோல் பதனிடும் ஆலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் கதவடைத்தன. மளிகைக் கடைகளின் முன்னே மட்டும் கூட்டம் அலைமோதிற்று.

அக்கூட்டத்தில் இருவகையினர் இருந்தனர். கையில் பணமுள்ளோர் மூன்று மாதத்துக்கு வேண்டியதை மூட்டை மூட்டையாக ஏற்றிச் சென்றனர். வாரக் கூலியை நம்பி வாழ்வோர் ஒரு கிலோ பருப்புக்கு வரிசையில் நின்று, தம் முறை வரும்போது சரக்குத் தீர்ந்துவிட்டதென்ற மறுமொழியுடன் திரும்பினர். முன்னவர் செய்தது முன்யோசனை என்று சிலர் புகழ்ந்தனர். பின்னவரின் நிலையை விதி என்று சிலர் சொல்லி முடித்தனர். இரண்டும் சரியல்ல. இஸ்லாம் காட்டும் வழி இவ்விரண்டுக்கும் வேறானது.

தவக்குலுக்கு முரணா?

நாளைய உணவை இன்றே சேர்த்து வைப்பது இறைவன்மீது நம்பிக்கைக் குறைவு என்று கருதும் நல்லுள்ளங்கள் நம்மிடையே உண்டு. ஆனால் திருக்குர்ஆன் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நமக்கு எதற்காக எடுத்துரைக்கிறது? ஏழாண்டுகள் விளையும் தானியத்தில் உண்பதற்குரிய சிறு பகுதி போக, எஞ்சியதைக் கதிரிலேயே விட்டு வைக்கும்படி அந்த நபி ஆலோசனை கூறினார்கள். கதிரை விட்டுப் பிரியாத மணி எளிதில் கெடாது என்பது உழவர் அறிந்த உண்மை. பஞ்சம் வந்தபோது அக்களஞ்சியம் எகிப்து மக்களுக்கு மட்டும் பயன்படவில்லை. கன்ஆனிலிருந்து வந்த அந்நியருக்கும் அது திறந்தது. அப்படி வந்தவர்களுள் ஒரு காலத்தில் யூசுஃப் (அலை) அவர்களைக் கிணற்றில் தள்ளிய சகோதரர்களும் இருந்தனர். அவர்களும் ஒட்டகச் சுமை தானியத்துடன் திரும்பினார்கள்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பனூ நளீர் தோட்டத்துப் பேரீச்சம் பழத்திலிருந்து தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்குரிய உணவை ஒதுக்கி வைத்ததாக உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. அதே நேரத்தில், நாயகம் (ஸல்) அவர்கள் மறுநாளுக்கென்று தமக்காக எதையும் சேர்த்து வைத்ததில்லை என்று அனஸ் (ரலி) அறிவிப்பதும் திர்மிதியில் உண்டு. அறிஞர் பெருமக்கள் இவ்விரண்டையும் அழகாக இணைத்துக் காட்டுகின்றனர். குடும்பத்தாருக்காகச் சேமித்தார்கள், ஆனால் விருந்தினரும் வறியவரும் வாசலில் வந்து நின்றபோது அந்தச் சேமிப்பிலிருந்தே வாரி வழங்கினார்கள். ஆகவே ஆண்டு முடியுமுன் அது தீர்ந்துபோயிற்று. வாற்கோதுமைக்காகத் தம் போர்க்கவசம் அடகில் இருந்த நிலையிலேயே அவர்கள் இவ்வுலகைப் பிரிந்தார்கள்.

நமக்கு வேண்டிய பாடம் முழுவதும் இதில் அடங்கியுள்ளது. இருப்பு வைப்பது சுன்னத்தின் வழியில் உள்ள செயல். அந்த இருப்பைத் தேவையுள்ளவனுக்குத் திறந்துவிடுவதும் சுன்னத்தின் வழியே.

எல்லைக்கோடு எது?

பதுக்குபவன் பாவியே என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மக்களுக்குத் தேவையான உணவைச் சந்தையிலிருந்து வாங்கி ஒளித்து, தட்டுப்பாட்டில் விலையேறும்வரை காத்திருப்பதே ‘இஹ்திகார்’ எனப்படும் பதுக்கல். தன் மனைவி மக்களின் உணவுக்காக ஒருவன் வைத்திருப்பது அதில் சேராது என்று மார்க்கச் சட்ட அறிஞர்கள் விளக்கியுள்ளனர். எனினும் சட்டத்தின் பிடியிலிருந்து தப்புவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை.

குர்பானி இறைச்சி பற்றிய செய்தி இதனைத் தெளிவாக்கும். ஓர் ஆண்டு ஈதுப் பெருநாளின்போது கிராமப்புற ஏழைகள் பெருந்திரளாக மதீனாவுக்கு வந்தனர். மூன்று நாளுக்கு மேல் இறைச்சியைச் சேர்த்து வைக்க வேண்டாம், எஞ்சியதைத் தர்மம் செய்யுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். பின்னர் மக்கள், பிராணிகளின் தோலால் தண்ணீர்ப் பைகள் செய்வதும் கொழுப்பை உருக்கி வைப்பதும் தங்கள் வழக்கமாயிற்றே என்று முறையிட்டனர். வந்திருந்த ஏழைகளை முன்னிட்டே அவ்வாறு தடுத்ததாகவும், இனி உண்ணலாம், சேமிக்கலாம், தர்மமும் செய்யலாம் என்றும் அண்ணலார் விடையளித்தார்கள். அதே இறைச்சி, அதே வீடு. வாசலில் பசித்தவன் நின்றபோது சேமிப்புக்குத் தடை. அவன் பசி தீர்ந்தபின் அனுமதி!

நம் வட ஆர்க்காட்டு மண்ணும் இதற்குச் சான்று சொல்லும். 1876-78 ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். தானியம் அறவே இல்லாமல் அல்ல, அது வாங்க முடியாத விலைக்கு ஏறியதாலேயே பலர் மாண்டனர். மதீனாவில் ஹிஜ்ரி 18இல் வறட்சி வந்தபோது கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாமிலிருந்தும் எகிப்திலிருந்தும் உணவை வரவழைத்துப் பங்கிட்டார்கள். மக்களுக்குக் கிடைக்கும்வரை தாம் நெய்யைத் தொடுவதில்லை என்று உறுதி பூண்டார்கள்.

ஆகவே எல்லைக்கோடு மூட்டையின் அளவில் மட்டும் இல்லை. சந்தையில் சரக்கு நிறைந்திருக்கும்போது சிறுகச் சிறுகச் சேர்ப்பது சேமிப்பு. தட்டுப்பாடு தொடங்கியபின் முண்டியடித்து அள்ளுவது, விற்பனைக்காக அல்லவாயினும், அடுத்தவன் பங்கைப் பறிப்பதாகும்.

நம் பகுதிக்கு ஏன் இன்றியமையாதது?

தோல் தொழிலை நம்பிய ஊர்களுக்கு வேலை நிறுத்தம் புதிதன்று. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்ததோடு, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாட்டை அவ்வாண்டு நவம்பர் இறுதிக்குள் செய்து முடிக்கவும் பணித்தது. ஆலை மூடினால் அடுத்த வாரமே அடுப்பு அணையும் வீடுகள் எத்தனை என்பதை அக்காலம் உணர்த்தியது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டதென்று அத்தீர்ப்பு சுட்டியதையும் நாம் மறத்தலாகாது. நிலத்தடி நீரை நம்ப முடியாத ஊரில் குடிநீரும் சேமிப்புப் பொருளே.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டது. அம்மாதம் 19ஆம் நாள் அதிகாலை பேரணாம்பட்டில் மழையில் ஊறிய சுவர் இடிந்து, ஒரே வீட்டில் குழந்தைகள் உட்பட 9 பேர் உயிரிழந்தனர். (இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.) எனவே பாதுகாப்பான இடத்துக்குப் பெயர்வதே வெள்ளத்தில் முதற்கடமை, சேமித்த பொருளுக்காக உயிரைப் பணயம் வைத்தல் கூடாது.

எவ்வளவு? எப்படி?

ஐவர் கொண்ட குடும்பத்துக்குப் பதினைந்து நாள் இருப்பு போதுமானது. நாளொன்றுக்கு 2 கிலோ வீதம் அரிசி 30 கிலோ. 200 கிராம் வீதம் பருப்பு 3 கிலோ. எண்ணெய் 2 லிட்டர். சர்க்கரை 2 கிலோ. உப்பு 1 கிலோ. புளி அரைக் கிலோ. இவற்றோடு மிளகாய் வற்றல், தேயிலை, சோப்பு, தீப்பெட்டி, கைவிளக்கு ஆகியன. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் உண்ணும் மாத்திரைகளும், குழந்தைக்குரிய பால் மாவும் பதினைந்து நாளுக்கு முன்னதாகவே இருக்க வேண்டும். குடிநீர் ஆளுக்கு 3 லிட்டர் வீதம் மூன்று நாளுக்கு 45 லிட்டர், அதாவது ஏறத்தாழ மூன்று குடம். கொசு புகாமல் மூடி, அடிக்கடி மாற்றிவர வேண்டும். குடும்ப அட்டை, வீட்டுப் பத்திரம் முதலியவற்றை நீர் புகாத உறையில் இட்டு உயரத்தில் வைத்தல் நலம்.

வாரக் கூலியில் இதற்குப் பணம் ஏது என்று சகோதரிகள் கேட்கலாம். நம் பாட்டிமார் கண்ட வழி பிடியரிசி. உலையில் இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். மதரஸாக்கள் பல இந்தப் பிடியரிசியால் நடந்த காலம் உண்டு. பிடி ஒன்று 50 கிராம் என்று கொண்டால், இரு வேளைக்கு 100 கிராம். மாதம் 3 கிலோ. பத்தே மாதத்தில் மேற்சொன்ன 30 கிலோவும் சேர்ந்துவிடும். 2011 ஜூன் முதல் தமிழகத்தில் அரிசி அட்டைக்கு விலையில்லா அரிசி கிடைத்து வருகிறது. அதைச் சில ரூபாய்க்குத் தரகரிடம் தள்ளிவிடும் வீடு, பஞ்ச காலத்தில் பன்மடங்கு விலை கொடுத்து அதையே தேடும்.

பச்சைத் தோலை உப்பிட்டு அழுகாமல் காக்கும் கலை நம் ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதன்று. உணவுக்கும் அதே அக்கறை தேவை. அரிசியை நிழலில் உலர்த்தி, உலர்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து உள்ளே இடலாம். துவரம் பருப்பை வெயிலில் காயவைத்து, விளக்கெண்ணெய் சிறிது தடவி வைத்தால் வண்டு அண்டாது. சமைக்குமுன் நன்கு கழுவ வேண்டும். மூட்டையைத் தரையில் கிடத்தாமல் பலகைமேல், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். ஆற்றோர வீடுகளுக்குப் பரணே ஏற்றது. குர்பானி இறைச்சியில் உப்புக்கண்டம் போடும் வழக்கம் இன்னும் மறையவில்லை. யாவற்றுக்கும் மேலாக, முன்னே வாங்கியதை முன்னே செலவழித்து, அந்த இடத்தைப் புதியதால் நிரப்பி வர வேண்டும். செலவழிக்காது கிடந்து புழுத்துப்போகும் சேமிப்பு வீண்விரயமே.

அண்டை வீட்டின் பங்கு

2020இல் ரமளான் ஊரடங்குக்குள்ளேயே பிறந்தது. பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்ச இயலவில்லை. அரசு வழங்கிய பச்சரிசியை ஜமாஅத்தார் வீடுவீடாகக் கொண்டு சேர்க்கும் நிலை வந்தது. எந்த வீட்டில் அடுப்பெரியவில்லை என்பதை அறிந்திருந்த மஹல்லாக்களுக்கே அப்பணி எளிதாயிற்று.

அஷ்அரீ குலத்தார் உணவு குறையும்போது தம்மிடமிருப்பதை ஒரே விரிப்பில் கொட்டி, சமமாக அளந்து பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்கள் என்னைச் சார்ந்தவர்கள், நான் அவர்களைச் சார்ந்தவன் என்னும் கருத்துப்பட நாயகம் (ஸல்) அவர்கள் போற்றினார்கள். இதைவிட உயர்ந்த பாராட்டு வேறென்ன வேண்டும்?

எனவே நம் பானையில் விழும் ஒவ்வொரு பத்தாவது பிடியும் அண்டை வீட்டுக்கென்று நிய்யத் செய்வோம். அந்த அண்டை வீட்டார் எம்மதத்தவராயினும் சரியே. ஒவ்வொரு ஜமாஅத்தும் விதவைகள், முதியோர், தினக்கூலிகள் உள்ள இல்லங்களின் பட்டியலை நல்ல காலத்திலேயே எழுதி வைக்கட்டும். வசதியுள்ளோர் பைத்துல்மாலில் சில மூட்டைகளை இப்போதே சேர்க்கட்டும்.

நம் இல்லங்களின் உணவில் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! அதனைப் பசித்தோர்க்குத் திறந்துவிடும் மனத்தையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.